எலியிடம் அனுமதி கேட்ட பிங்கி அண்ணன்

மலாக்கா மாநிலத்திலேயே, ஏன், இந்தத் தீபகற்பம் முழுவதிலுமே, எலியிடம் அனுமதி கேட்டுவிட்டு அதைப் பாம்புக்கு அனுப்பிவைத்த ஒரே மனிதர் எங்கள் பிங்கி அண்ணன்தான். மறுப்பவர்கள் தாராளமாக முன்வரலாம். இன்னொரு ஆளைக் கொண்டுவந்து காட்டினால், அந்த ஆளுக்கும் சேர்த்து ஆயர் குரோவில் வாழையிலைச் சாப்பாடு என் செலவு.

கல்யாணமான புதிதில் எனக்கு புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் வேலை. பக்கத்திலேயே ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், வரிசை வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். வீட்டுக்காரர் குழாய், மின்சாரம், கூரை எல்லாவற்றையும் பற்றி விளக்கமாகச் சொன்னார். பக்கத்து வீட்டைப் பற்றி மட்டும் "நல்ல மனுசங்க லா" என்று இரண்டே வார்த்தையில் முடித்துக்கொண்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். குடிவந்த அன்று மதியம் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஓடுகிற, உருள்கிற, கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. நிறைய பிள்ளைகள் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டு ஒரு டப்பா முறுக்கை எடுத்துக்கொண்டு போனேன். அந்த வீட்டில் பிள்ளைகளே இல்லை. அறை முழுக்க அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் பெட்டிகள், பெட்டிகள் நிறைய எலி. எலி என்றால் நான் நாற்காலி மேல் ஏறுகிற ஜாதி. முறுக்கு டப்பாவை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தேன். மறுநாள் காலை டப்பாவைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார் அண்ணன்.

"முறுக்கு ரொம்ப நல்லா இருந்துச்சி தங்கச்சி. உப்புதான் ஒரு பொட்டு கூட. பசங்களுக்கு ஒத்துக்காதுன்னு நாங்களே தின்னுட்டோம்."

பசங்கள் என்றால் எலிகள்.

பிங்கி என்ற பெயரைக் கேட்டு யாரும் ஒல்லியான, சிவப்பான ஓர் ஆளைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அண்ணன் வாசலில் நின்றால் வீட்டுக்குள் வெளிச்சம் குறையும். மீசை தனியாக ஒரு ஆள் மாதிரி இருக்கும். பிறந்த எலிக்குட்டிக்கு ரோமம் இருக்காது, கண் திறந்திருக்காது, ரோஸ் நிறத்தில் சுண்டுவிரல் நுனி அளவு கிடக்கும். பாம்பு வளர்ப்பவர்கள் அதை பிங்கி என்பார்கள். கொஞ்சம் ரோமம் வந்தால் ஃபஸ்ஸி, துள்ள ஆரம்பித்தால் ஹாப்பர். சின்னப் பாம்புக்கு பிங்கிதான் ஆகாரம் என்பதால் வாங்க வருகிற பையன்கள் எல்லாரும் வாசலில் நின்று "அண்ணே, பிங்கி!" என்று கத்துவார்கள். கடைசியில் அதுவே அவர் பெயராகிவிட்டது. உண்மையான பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அண்ணிக்கே அது சட்டென்று ஞாபகம் வருமா என்பது சந்தேகம்.

அவர் பிறந்தது செலண்டார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். பிறகு எங்கள் வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். கம்பெனி வேறு நாட்டுக்கு மாறிப் போனது. கூட வேலை செய்த ஒருவன் பாம்பு வளர்த்தான். நல்ல எலி கிடைக்கவில்லை என்று புலம்பினான். அண்ணன் அன்றே ஒரு ஜோடி வாங்கிவந்தார். அடுத்ததை எலிகளே பார்த்துக்கொண்டன.

ஒரு சமயம் தாமான் முழுக்க ஒரே பரபரப்பு. ஹெல்மெட்டைக் கழற்றாமல் மோட்டார் சைக்கிளில் வருகிற இளவட்டங்கள், கேட்டருகே நின்று "ரெண்டு பிங்கி, நாலு ஹாப்பர்" என்று தாழ்ந்த குரலில் சொல்வதும், அண்ணன் உள்ளே போய்ச் சில்லென்று ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கையில் திணிப்பதும், அவர்கள் சிட்டாகப் பறப்பதுமாக இருந்தால் எதிர்வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? போதை மாத்திரை வியாபாரம் என்றேதான் நினைத்தார்கள். அக்கம்பக்க ரோந்துக் குழுவின் தலைவர், எல்லாரும் பாக்சிக் என்று கூப்பிடுகிற கண்டிப்பான ஒரு மலாய்க்காரப் பெரியவர், இரண்டு ஆட்களோடு வந்து பொட்டலத்தைப் பிரிக்கச் சொன்னார். அண்ணன் வெகு மரியாதையாகப் பிரித்தார். பனிக்கட்டியாக உறைந்து வரிசையாகப் படுத்திருந்த எலிக்குட்டிகளைப் பார்த்ததும் பாக்சிக் பின்னாலேயே நடந்து கேட்டைத் தாண்டி, சாலையையும் தாண்டி, எதிர்வீட்டுப் பூந்தொட்டியில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வரிசைக்கு ரோந்தே வரவில்லை. திருடர்களுக்கு அது தெரியாமல் போனது எங்கள் அதிர்ஷ்டம்.

அந்த வீட்டில் ஏர்கோன் ஒன்றே ஒன்றுதான். அது எலி அறையில். வெயில் ஏறினால் எலி குட்டி போடாது, போட்டாலும் தின்றுவிடும் என்பார் அண்ணன். அண்ணி முன்னறையில் பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"பாத்தியாம்மா? எலிக்கு ஓட்ஸ், அவிச்ச முட்டை, பச்ச கங்கோங் கீரை. எனக்கு நேத்து ரொட்டி. அடுத்த ஜென்மத்துலயாவது இந்த மனுசனுக்கு நான் எலியா வந்து பொறக்கணும்" என்பார். மதியம் வெயில் உச்சிக்கு வந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு எலி அறைக்கே போய்ப் படுத்துவிடுவார். நோன்பு மாத வெக்கையில் நானும் அந்த அறையில் ஓர் ஓரமாக நின்றிருக்கிறேன், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு.

எலி வாங்குவது அவரிடம் சாமானியமான காரியமில்லை. பெண் கேட்டு வருகிறவர்களைக்கூட இவ்வளவு குடைய மாட்டார்கள்.

"பாம்பு என்னா பாம்பு?"

"கார்ன் ஸ்நேக்ணே."

"இடுப்பு எவ்ளோ?"

"பாம்புக்கு ஏதுண்ணே இடுப்பு?"

"எங்க பெருத்து இருக்கோ அதான்டா இடுப்பு. எனக்கும் அப்படித்தான். போயி அளந்துகிட்டு வா."

கையோடு ஒரு தையல் டேப்பையும் கொடுத்தனுப்புவார். எலி அந்த இடுப்பின் பருமனுக்குள் இருக்க வேண்டும், மீறினால் பாம்பு கக்கிவிடும் என்பது அவர் சட்டம். லோங்காங்கில், அதாவது சாக்கடையில், எலி பிடித்துப் போடுகிறேன் என்று யாராவது சொல்லிவிட்டால் தொலைந்தான். விஷம் தின்ற எலியா, புழு வைத்த எலியா, யாருக்குத் தெரியும் என்று அரை மணி நேரம் பிடித்துக்கொள்வார். ஒருமுறை ஒரு பையன் உயிரோடு எலி கேட்டான், வீடியோ எடுக்க வேண்டுமாம். அண்ணன் கேட்டைச் சாத்தியேவிட்டார்.

"என் எலி சர்க்கஸ் இல்லடா! திருப்பி அது கடிச்சா உன் பாம்புக்குக் கண்ணு போயிரும். தூங்க வச்சித்தான் குடுப்பேன். வேணும்னா வாங்கு, இல்லன்னா பாம்புக்கு ரொட்டி சானாய் வாங்கிப் போடு!"

இனப்பெருக்கத்தில் அவர் வைத்திருந்த முறை உலகத்தில் வேறு எங்கும் இருக்காது. ஒரே வயிற்றுக் குட்டிகளைச் சேர்க்கக் கூடாது என்று எல்லா வளர்ப்பாளர்களும் சொல்வதுதான். அண்ணன் அதற்கு மேலே போய் உறவுமுறை பார்த்தார். அண்ணன் தம்பி பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார். அக்காள் மகனுக்குத் தம்பி மகளைக் கொடுப்பார். "இவன் அவளுக்கு மொற மாமன், தங்கச்சி, தாராளமா கட்டலாம்" என்று ஒரு வெள்ளெலியைத் தூக்கிக் காட்டுவார். இரண்டும் ஒன்றுக்கொன்று அத்தனை நெருங்கிய சொந்தம் என்று நான் எடுத்துச் சொன்னபோது, "சொந்தம் விட்டுப் போவக் கூடாது லா" என்று முடித்துவிட்டார். பெட்டி எத்தனை இருந்தாலும் எது யாருக்கு மச்சான், எது யாருக்குக் கொழுந்தியாள் என்பது அவருக்கு அத்துப்படி. என் வீட்டுக்காரருடைய சொந்தங்களையே நான் அவ்வளவு தெளிவாகச் சொல்ல மாட்டேன்.

இனி அனுமதி விஷயத்துக்கு வருகிறேன்.

தோட்டத்து முனீஸ்வரர் கோயிலில் கிடா வெட்டும்போது பார்த்திருப்பீர்கள். மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு எல்லாரும் காத்திருப்பார்கள். கிடா உடம்பைச் சிலிர்த்துத் தலையை உதறினால் "உத்தரவு குடுத்துருச்சி" என்று அர்த்தம். உதறாவிட்டால் கத்தி இறங்காது. அண்ணன் அந்தக் கோயில் வாசலில் வளர்ந்தவர். கிடாவுக்கு ஒரு நியாயம், எலிக்கு ஒரு நியாயமா என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்த வாரத்துக்கான எலிகளை அளவு பார்த்து ஒரு தட்டில் எடுத்துவைப்பார். பின்கட்டுக்குக் கொண்டுபோய், டம்ளரில் மஞ்சள் கரைத்து, வேப்பிலையால் தெளிப்பார். பிறகு அந்தப் பெரிய உடம்பைக் குனிந்து, "போறியாய்யா? போலாமா?" என்று கேட்பார். உதறிய எலி 'தூங்கும் பெட்டி'க்குப் போகும். அதில் கரியமில வாயுவை விட்டால் வலியில்லாமல் தூங்கிப்போகும், பிறகு ஐஸ்பெட்டி. உதறாமல் உட்கார்ந்து முன்னங்காலால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தால், அந்த எலிக்கு ஆயுள் முழுவதற்கும் மன்னிப்பு. பெரிய மனிதர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற 'டத்தோ' பட்டமும் அதற்குக் கிடைக்கும். எங்கள் மாநிலத்தில் டத்தோக்களுக்கு என்றுமே பஞ்சமில்லை, இருந்தாலும் அந்த வீட்டில் கொஞ்சம் அதிகம்தான். அவர்களுக்கென்று ஜன்னலோரம் தனிக் கூண்டு, தனி ஊஞ்சல். வேலை வெட்டி இல்லாமல் தின்று கொழுத்துப் படுத்துக் கிடப்பார்கள்.

"அண்ணே, மேல தண்ணி பட்டா எந்த எலியும் ஒதறத்தானே செய்யும்?" என்று கேட்டேன்.

"அப்ப டத்தோங்க ஏன் ஒதறல?"



மஞ்சள் காய்ந்து அவருடைய எலிகளுக்கெல்லாம் ஒரு தங்க நிறம் வந்துவிடும். ஜொகூரிலிருந்து ஒருவன் தேடி வந்து, அந்த 'கோல்டன்' ஜாதியில் ஒரு ஜோடி எந்த விலைக்கும் வேண்டும் என்று நின்றான். அண்ணனுக்குப் பொய் வராது. "மஞ்சத்தூளுடா தம்பி, மளிகைக் கடையில கெடைக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அண்ணி அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் வசந்தா டீச்சர் குடையோடு வந்து இறங்கினார்.

புக்கிட் பெருவாங்கில் இருந்தார் டீச்சர். தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். கணவர் இல்லை. ஒரே மகன் ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போனபோது தன்னுடைய 'பால் பைத்தானை', பந்து மாதிரி சுருண்டுகொள்கிற மலைப்பாம்பை, அம்மாவிடம் விட்டுப் போயிருந்தான். அவன் அதற்குக் கெவின் என்று பெயர் வைத்திருந்தான். மகன் விமானம் ஏறிய மறுநாளே டீச்சர் அதைச் செழியன் என்று மாற்றிவிட்டார். செழியனை வளர்ப்பதற்கான லைசென்ஸ் சட்டம் போட்டு, மகனின் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. இதில் வேடிக்கை என்னவென்றால், டீச்சர் சுத்த சைவம். முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொட மாட்டார்.

மகன் எலி வாங்கிவந்த கடை மூடிவிட்டதால் அண்ணனிடம் வந்தார். அண்ணன் இடுப்பளவு கேட்க ஆரம்பித்ததும், கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து எடை, நீளம், சுற்றளவு, வயது எல்லாவற்றையும் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். அவர் வாழ்க்கையில் முதல்முறையாகச் சரியான வாடிக்கையாளர் வந்திருந்தார்.

ஆனால் செழியன் சாப்பிடவில்லை.

அந்த வாரம் சாப்பிடவில்லை, அடுத்த வாரமும் இல்லை. மாதம் ஒன்று போய் இன்னொன்றும் போனது. மகன் போனில், "பால் பைத்தான் அப்படித்தாம்மா, கொஞ்ச நாள் சாப்பிடாது, பயப்படாதீங்க" என்றான். டீச்சர் பயப்படவில்லை, எடை போட்டார். ஒவ்வொரு முறையும் எடை குறைந்துகொண்டே வந்தது. முதுகெலும்பு வரம்பு மாதிரி தூக்கித் தெரிய ஆரம்பித்தது. டவுனில் இருந்த மிருக வைத்தியர் பார்த்துவிட்டு, இப்படியே போனால் குழாய் விட்டு ஊட்டவேண்டி வரும், அதை அது தாங்குமா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

அண்ணனுக்கு இது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. தன் எலியை ஒரு பாம்பு வேண்டாம் என்று சொல்வதா? சனிக்கிழமை தோறும் ஐஸ்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் காரில் ஏறிவிடுவார். எனக்கு எலியும் ஆகாது, பாம்பும் ஆகாது. ஆனாலும் அந்த வீட்டில் நடக்கிற கூத்தைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. அண்ணன் வெள்ளை எலி கொடுத்துப் பார்த்தார், பழுப்பு எலி கொடுத்துப் பார்த்தார், பெரிதும் சிறிதுமாக மாற்றிப் பார்த்தார். வெந்நீரில் சூடாக்கி, நீண்ட இடுக்கியில் பிடித்து, கூண்டுக்குள் அதை நடக்கவிட்டார், ஓடவிட்டார், ஒருநாள் இடுப்பை வளைத்துத் தானும் ஆடிக்கொண்டே எலியையும் ஆடவிட்டார். செழியன் தலையைச் சுருளுக்குள் புதைத்துக்கொண்டது.

"தம்பி, பாடம் நடத்தத் தெரியலன்னா வகுப்பறையில டான்ஸ் ஆடக்கூடாது" என்றார் டீச்சர்.

ஒரு சனிக்கிழமை அண்ணன் வழக்கம்போல எலியை ஆட்டிக்கொண்டிருந்தபோது அவர் தோளிலிருந்த துண்டு நழுவிக் கூண்டுக்குள் விழுந்தது. அன்று காலை டத்தோ ஒருவரைக் குளிப்பாட்டித் துவட்டிய துண்டு அது. செழியன் தலையை வெளியே எடுத்தது. நாக்கை நீட்டி நீட்டி முகர்ந்தது. கழுத்தை வளைத்துப் பின்னுக்கு இழுத்தது. அடுத்த நொடி துண்டின் மேல் பாய்ந்து கவ்வியது.

"என் துண்டு!" என்று கத்திவிட்டு அண்ணன் ஒரு முனையை இழுத்தார். செழியன் மறுமுனையை இழுத்தது. பிறகு ஏமாற்றம் தெரிந்துவிட்டதோ என்னவோ, துப்பிவிட்டு உள்ளே போய்விட்டது.

டீச்சர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு துண்டை எடுத்து முகர்ந்தார். பிறகு, முட்டைகூடத் தொடாத அந்த அம்மாள், இடுக்கியிலிருந்த எலியைக் கிட்டே கொண்டுவரச் சொல்லி அதையும் முகர்ந்தார். திரும்பவும் துண்டு, திரும்பவும் எலி.

"தம்பி, உங்க துண்டுல எலி வாசம் வருது. உங்க எலியில சாம்பார் வாசம் வருது."

"மஞ்சளு டீச்சர்" என்றார் அண்ணன். "ஆனா மத்த பாம்பெல்லாம் நல்லாத்தானே திங்குது?"

"மத்த பிள்ளைங்க எதைப் போட்டாலும் சாப்பிடும். அதுக்காக இவனும் சாப்பிடணுமா? அடுத்த வாரம் மஞ்சள் இல்லாம கொண்டுவாங்க."

அவ்வளவுதான், பிரச்சினை தீர்ந்தது என்று நான் நினைத்தேன். வீட்டு வாசலில் காரை நிறுத்தியும் அண்ணன் இறங்கவில்லை.

"மஞ்சள் இல்லாம எப்படி தங்கச்சி கேக்கறது?"

"பச்சத் தண்ணி தெளிங்களேன்."

"பச்சத் தண்ணிக்கு அதுங்களுக்கு என்னா தெரியும்? மழைன்னு நெனச்சிக்கும்."

"அப்பறமா சோப்பு போட்டுக் கழுவிடலாமே?"

"அப்பறம் சோப்பு வாசம் வரும்."

"சரி, வாயால கேளுங்க."

"வாயால கேட்டா அது எப்படி பதில் சொல்லும்?"

அந்த வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அண்ணி வந்து சொன்னார். வியாழக்கிழமை பின்கட்டில் டம்ளரை வைத்துக்கொண்டு, மஞ்சள் கரைக்காமல் உட்கார்ந்திருந்தாராம். கேட்காமல் ஓர் எலியைக்கூட அனுப்ப முடியாது, டீச்சரிடம் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடு என்று அண்ணன் என்னிடம் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தன எலிய அனுப்பிட்டீங்க, இந்த ஒண்ணுல என்னாண்ணே வந்துச்சி?" என்று கேட்டே விட்டேன்.

"நான் அனுப்பல தங்கச்சி. அளவு மட்டும்தான் நான் பாத்தேன். போறேன்னு சொன்னது அதுங்க. இப்ப நானே ஒண்ண காட்டி, நீ போன்னு சொல்லணும். எந்த வாயால சொல்லுவேன்?"

இவ்வளவு நாளும் அந்த ஒரு டம்ளர் மஞ்சள் தண்ணீர் அந்த மனிதரை எவ்வளவு தாங்கிப்பிடித்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வழக்கமாக அவரைக் கேலி செய்வேன், அன்று செய்யவில்லை.

செய்தியை நான் டீச்சருக்குப் போனில் சொன்னேன். மறுநாளே வந்துவிட்டார். அதட்டுவார் என்று அண்ணன் கைகட்டி நின்றார். டீச்சர் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி பேசினார்.

"தம்பி, எனக்கு மட்டும் இது சுலபம்னு நினைக்கறீங்களா? என் ஐஸ்பெட்டியில எலி இருக்குன்னு தெரிஞ்சா எங்கம்மா என் கையால தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாங்க. முதல்ல எனக்கு செழியனப் பாக்கவே பிடிக்காது. என் வீட்டுக்காரர் போனப்பறம், பையனும் கிளம்பினப்பறம், அந்த வீட்டுல என்னைத் தவிர மூச்சு விடறது அவன் ஒருத்தன்தான். காலையில எழுந்ததும் அவன்கிட்டதான் பேசறேன். அவன் செத்துட்டான்னு என் பையனுக்கு நான் எப்படிப் போன் பண்ணுவேன்?"

டீச்சர் போன பிறகும் அண்ணன் வெகுநேரம் நின்ற இடத்திலேயே நின்றார். அண்ணி காபி வைத்தார். ஆறிப்போனது.

சனிக்கிழமை காலை நான் போனபோது எலி அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஏர்கோன் சத்தம். அண்ணி கதவருகே போய், "நான் வேணா எடுக்கட்டுமாங்க?" என்று கேட்டார். "வேணாம்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. முறுக்கு கொண்டுபோன நாளுக்குப் பிறகு முதல்முறையாக நான் கண்ணைத் திறந்துகொண்டு அந்த அறைக்குள் போனேன். அண்ணன் ஒவ்வொரு பெட்டியாக இழுத்துப் பார்த்து, மூடி, அடுத்ததை இழுத்துக்கொண்டிருந்தார். இவள் குட்டிக்காரி. இவன் இன்னும் சின்னவன். இவனுக்கு இப்போதுதான் ஜோடி சேர்ந்திருக்கிறது. கடைசியில் பழுப்பும் வெள்ளையுமாக ஓர் எலியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். செழியனுக்கு ஏற்ற அளவு. அது அவர் கட்டைவிரலை முகர்ந்துகொண்டிருந்தது.

"ஒன்ன கேக்க முடியலய்யா" என்றார். "நானாத்தான் எடுக்கறேன். மன்னிச்சிக்க."

எலி உதறவில்லை, தலையாட்டவும் இல்லை. அண்ணன் அதைத் தன் கையாலேயே பெட்டிக்குள் விட்டு, மூடியின் மேல் கையை வைத்தபடி, அது தூங்குகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

புக்கிட் பெருவாங் போய்ச் சேர்ந்ததும் அவர் ஆடவில்லை, பாடவில்லை. இடுக்கியால் எலியைக் கூண்டுக்குள் நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். செழியன் வெளியே வந்தது. நாக்கை இரண்டு மூன்று முறை நீட்டியது. பிறகு அது பாய்ந்து சுருட்டிக்கொண்டதை டீச்சரும் நானும்தான் பார்த்தோம். அது விழுங்கி முடிக்கிறவரை டீச்சர் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் தழும்பு விழுந்துவிட்டது. உடனே மகனுக்குப் போன் போட்டார். தலைமையாசிரியைக் குரல் எங்கே போனதோ, "சாப்பிட்டான்டா! உன் தம்பி சாப்பிட்டான்டா!" என்று அழுகையும் சிரிப்புமாகக் கத்தினார்.

அண்ணனைத் தேடினேன். வாசலில், டீச்சரின் காகிதப்பூச் செடிக்கு முன்னால் நின்று மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தூசு என்றார். முந்தின நாள் மழை பெய்து ஊரே கழுவிவிட்டது மாதிரி இருந்தது.

டீச்சர் இலை போட்டு, வடை பாயசத்தோடு சமைத்து வைத்திருந்தார். அண்ணன் உட்காரவில்லை.

"கோவிச்சிக்காதீங்க டீச்சர். கேக்காம எடுத்துட்டேன். அது போன அன்னிக்கி நான் வயிறு நெறய சாப்பிட்டா நல்லா இருக்காது. நாளைக்குச் சாப்பிட்டுக்கறேன்."

மூன்று ஆள் சாப்பாட்டை ஒரே மூச்சில் முடிக்கிற மனுஷன் அவர். டீச்சர் அவரை வற்புறுத்தவில்லை. தன் இலையையும் மடித்து வைத்துவிட்டார். அவ்வளவு நல்ல பாயசத்தைத் தனியாகக் குடித்த பாவம் என்னைச் சேர்ந்தது.

அதற்குப் பிறகு செழியன் கொழுத்துவிட்டது. மற்ற பாம்புகளுக்கு இன்னும் மஞ்சள் தண்ணீர்தான், செழியனுக்கு மட்டும் கேட்காமல் எடுப்பது. அது சாப்பிடுகிற சனிக்கிழமைகளில் அண்ணன் பச்சைத் தண்ணீரோடு சரி. டாக்டர் சொல்லியும் இளைக்காத உடம்பு அதில் கொஞ்சம் இளைத்திருக்கிறது என்று அண்ணி சொல்கிறார். நாங்கள் வீடு மாறிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. சுவருக்கு அந்தப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லாத வீட்டில் இருக்கிறேன், தூக்கம்தான் சரியாக வருவதில்லை. அவ்வப்போது அண்ணனுக்குப் போன் போடுவேன். நம் வழக்கப்படி எடுத்ததுமே "சாப்பிட்டீங்களாண்ணே?" என்றுதான் கேட்பேன்.

செழியன் சாப்பிடுகிற சனிக்கிழமைகளில் மட்டும் அதைக் கேட்பதில்லை.